யாழ்ப்பாணத்தில் வேலையோடு புவிச்சரிதவியல், புவித்தரவு முதுமாணி: விண்ணப்பிக்க முன் செய்யவேண்டியவை

நீர்வள சபை, நீர் வழங்கல் சபை, நில அளவைத் திணைக்களம், நீர்ப்பாசனம், குழாய்க்கிணறு துளைக்கும் தனியார் கம்பனி என்று எங்காவது வேலையில் இருக்கிறீர்கள். புவிச்சரிதவியலிலோ, செய்மதிப் படமும் கிணற்றுத் தரவும் பைதன் நிரலாக்கமும் கலந்த புவித்தரவு அறிவியலிலோ முதுமாணி செய்ய எண்ணம், ஆனால் வேலையை விட முடியாது. இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். பலரும் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். உங்கள் பட்டம் எங்கே செல்லும், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உங்களிடம் இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் தேடினால், விண்ணப்பக் கட்டணம்தான் வீணாகும்.

1. உங்கள் பட்டத்தின் மட்டத்தைப் பாருங்கள்

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம் (90 கிரெடிட்), நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம் (120 கிரெடிட்). உள்நாட்டில் பொதுப் பட்டதாரிகளையும் எடுக்கும் முதுமாணிகள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கதை வேறு. அங்கே நான்கு வருடப் பட்டம்தான் அடிப்படை என்பதால், மூன்று வருடப் பட்டத்தைப் பல இடங்களில் முழு இளமாணியாகக் கணக்கெடுப்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் முதலில் உள்நாட்டில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. அதற்கு முன், அந்த டிப்ளோமாவைச் சேர்த்துக் கணக்கெடுப்பார்களா என்று அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நீங்கள் படித்த பாடம். யாழ் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இல்லை. எனவே இங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் புவியியல், பௌதிகம், இரசாயனம், கணினி விஞ்ஞானம் அல்லது கிளிநொச்சி வளாகத்தில் குடிசார் பொறியியல் படித்தவர்கள். பெறுபேற்றுப் பத்திரத்தில் கணிதம், புள்ளிவிபரவியல் பாடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தரவு சார்ந்த கற்கைகளில் அனுமதிக் குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

2. கிரெடிட்டை மணித்தியாலமாக மாற்றுங்கள்

பலர் சறுக்கும் இடம் இது. “30 கிரெடிட்” என்பது நாட்டுக்கு நாடு வேறு அளவு.

இலங்கையில் ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம். 9ஆம் மட்ட முதுமாணி 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். ஆய்வோடு கூடிய 10ஆம் மட்டம் 60 கிரெடிட், 3000 மணித்தியாலம். பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட், ஆனால் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம்தான், ஆகமொத்தம் 1800. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். அமெரிக்கக் கிரெடிட் ஏறத்தாழ 45.

1500 மணித்தியாலத்தை ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு 29 மணித்தியாலம். அலுவலக வேலையோடு அது நடக்காது. இரண்டு வருடத்துக்குப் பரப்பினால் கிழமைக்கு 14, 15 மணித்தியாலம் வரும். சனி, ஞாயிறும் இரண்டு இரவும் கொடுத்தால் சமாளிக்கலாம். இதைவிடக் குறைந்த நேரத்தில் முடியும் என்று சொல்லும் விளம்பரத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

3. நான்கு வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்

அ) பேராதனை. புவிச்சரிதவியலுக்கென்று துறை உள்ள பல்கலைக்கழகம். அங்குள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் புவி விஞ்ஞானப் பக்கமும் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை), தொலையுணர்வுப் பக்கமும் வார இறுதி முதுமாணிகளை நடத்துகிறது. பாறையைத் தொட்டுப் படிக்கவும் களப்பயணம் போகவும் வேண்டுமென்றால் இதுதான் சரியான வழி. ஏ9 வீதியில் கண்டிக்கு 321 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை விரிவுரைக்குப் போய், ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பித் திங்கட்கிழமை கந்தோருக்குப் போகலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் தவணையிலேயே உடம்பு சொல்லிவிடும். சேர முன் கால அட்டவணையைக் கேட்டு, ஒவ்வொரு வார இறுதியும் வகுப்பா, இரண்டு நாளுமா, ஒரு பகுதி இணையவழியா என்று உறுதிப்படுத்துங்கள். ரயிலில் போவதென்றால் பொல்காவலையில் மாற வேண்டும். அடுத்த ரயிலுக்கான காத்திருப்பையும் கணக்கில் சேருங்கள்.

ஆ) வெளிநாட்டு இணையவழி. சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் யூனிஜிஐஎஸ், பென் ஸ்டேட்டின் ஜிஐஎஸ் முதுமாணி, ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் ஜிஐஎஸ் முதுமாணி ஆகியவை வேலை செய்பவர்களுக்கென்றே அமைந்தவை. கொலராடோ மைன்ஸ் பல்கலைக்கழகம் புவிவளத் தரவு அறிவியலில் இணையவழிக் கற்கை நடத்துகிறது. கட்டணம் டொலரிலும் யூரோவிலும்.

நேரடி வகுப்பு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி என்றால் இங்கே கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. கந்தோருக்கு முன் முடிந்துவிடும், எனவே வசதிதான். பிரித்தானியாவில் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10.30 அல்லது 11.30. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் எது தோதென்று நீங்களே பாருங்கள். இலங்கை மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அவர்கள் வருடத்தில் இரண்டு முறை மாற்றுகிறார்கள். மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வகுப்பைத் தவறவிடுபவர்கள் இதனால்தான் தவறவிடுகிறார்கள்.

இ) யாழ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம். பாடநெறி வேண்டாம், நிலத்தடி நீர்த் தரவு கையில் இருக்கிறது, மேற்பார்வையாளர் ஒருவரும் கிடைப்பார் என்றால், உயர் பட்டப்படிப்புகள் பீடத்தில் முதுதத்துவமாணிக்கு (எம்ஃபில்) பதியலாம். செலவு குறைவு. ஆனால் கால எல்லை நீண்டுகொண்டே போகும் ஆபத்து இங்கேதான் அதிகம். மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரைச் சந்திக்கும் திகதியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஈ) லீவு எடுத்துக் குறுகிய காலம் போவது. இந்தியாவின் டெஹ்ராடூனில் ஆசிய பசுபிக் விண்வெளிக் கல்வி நிலையத்தின் தொலையுணர்வுப் பட்டப்பின் டிப்ளோமா ஒன்பது மாதம், உதவித்தொகையோடு. அரச திணைக்களத்தில் இருப்பவர்கள் நிறுவனத் தலைவர் ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

லண்டன் இம்பீரியலின் சுற்றாடல் தரவு அறிவியல் முதுமாணியும் நெதர்லாந்து ஐடிசியின் புவித்தகவல் முதுமாணியும் நல்லவைதான், ஆனால் முழுநேரம். வேலையை விடத் தயாரென்றால் மட்டும் பாருங்கள்.

4. பாடத்திட்டத்தில் பாறை இருக்கிறதா?

தலைப்பை நம்பாதீர்கள். “புவித்தரவு” என்று பெயர் வைத்துவிட்டு வெறும் வரைபட மென்பொருள் சொல்லிக்கொடுக்கும் கற்கைகள் ஏராளம். பாடப் பட்டியலில் நீர்ப்புவிச்சரிதவியல், படிவுப் பாறை, புவிப்பௌதிகம், இடஞ்சார் புள்ளிவிபரவியல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். களவேலைக்குக் கிரெடிட் உண்டா என்றும் பாருங்கள். முழுக்க இணையவழியில் படித்துவிட்டுப் புவிச்சரிதவியலாளர் பதவிக்கு விண்ணப்பித்தால், நேர்முகத்தில் முதல் கேள்வியே களநாட்கள் பற்றித்தான் வரும்.

அரச பதவி உயர்வுக்காகப் படிப்பவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். உங்கள் சேவையின் ஆட்சேர்ப்புத் திட்டத்தை எடுத்து, என்ன பாடத்தில், என்ன மட்டத்தில், எத்தனை கிரெடிட் கேட்கிறார்கள் என்று வாசியுங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்று பணம் கட்ட முன் எழுதிக் கேளுங்கள். தொலைக்கல்வி என்பதையும் அந்தக் கடிதத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். பட்டம் கையில் வந்தபின் கேட்பதில் பயனில்லை.

5. ஆவணங்கள்

பெயரில் இருந்து தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் தமிழில், பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் விரிவாக, தேசிய அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டலில் என்று நான்கு விதமாக இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். கடவுச்சீட்டில் உள்ளதே உங்கள் பெயர் என்று முடிவெடுத்து எல்லாப் படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டலில், அதே ஒழுங்கில் நிரப்புங்கள். மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், எல்லா வடிவங்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியக்கடதாசி ஒன்று முடித்து ஸ்கான் செய்து வைத்திருங்கள். ஆங்கிலமொழிப் பரீட்சைக்குப் பதியும்போது ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பெறுபேறு இணைக்கப்படாமல் கிடக்கும்.

பெறுபேற்றுப் பத்திரத்தில் குறைந்தது ஐந்து பிரதிகளை ஒரே தடவையில் கேளுங்கள். இரண்டைப் பதிவாளர் முத்திரையிட்ட மூடிய கடித உறையில் வாங்குங்கள். உள்ளே பிழை இருக்கிறதா என்று பார்க்க ஆசை வரும், திறந்தால் அது செல்லாது. பிழை பார்ப்பதற்கென்றுதான் திறந்த பிரதி. டபிள்யூஈஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக வரும் ஆவணத்தைத்தான் ஏற்கும். அவர்கள் தரும் இலக்கத்தைக் கோரிக்கைக் கடிதத்தில் எழுதாவிட்டால் உறை போய்ச் சேர்ந்தும் உங்கள் கோப்பில் ஏறாது.

கல்விமொழிச் சான்றுக் கடிதமும் கேளுங்கள். விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் இந்தக் கடிதத்தாலேயே மொழிப் பரீட்சை விலக்குக் கிடைக்கும். கலைப்பீடத்தில் தமிழில் புவியியல் படித்தவர்களுக்கு விலக்கு இல்லை. அவர்கள் ஐஈஎல்டிஎஸ் எழுதத்தான் வேண்டும். பரவலாகக் கேட்பது மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையாமல். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே வெள்ளனவே எழுதிவைத்துக் காலாவதியாக விடாதீர்கள்.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவையென்றால் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. யாழ் மாவட்டச் செயலகத்திலேயே பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் ஆவணத்தை வழங்கிய நிறுவனத்தின் அத்தாட்சி முதலில் இருக்கவேண்டும். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களம், பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் என்று அந்த வரிசை. கச்சேரி வாசலில் நின்று திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்கும்.

சிபாரிசுக் கடிதம் இரண்டு அல்லது மூன்று: ஒருவர் படிப்பித்தவர், ஒருவர் வேலைத்தல மேலதிகாரி. இருவரும் நிறுவன மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்த வேண்டும். ஜிமெயில் முகவரி கொடுத்தால் பல தளங்கள் மேலதிக சரிபார்ப்புக் கேட்கும். நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். எத்தனை கிணறு, என்ன கருவி, என்ன அறிக்கை என்று இருந்தால் அவர்களுக்கும் எழுத இலகு.

6. பணம்

பாடநெறிக் கட்டணம் மட்டுமே செலவென்று நினைக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம், மொழிப் பரீட்சை, கூரியர், தகைமை மதிப்பீடு, மொழிபெயர்ப்பு, மடிக்கணினி, களவேலை, ஆய்வுகூடக் கட்டணம் என்று தனி நிரல் போடுங்கள். அமெரிக்க இணையவழிக் கற்கைகள் பலவற்றில் ஒரு கிரெடிட் ஆயிரம் டொலரை ஒட்டி வரும். அதை 30ஆல் பெருக்கிப் பாருங்கள். முழு முதுமாணிக்குப் பதிலாக முதலில் நான்கைந்து பாடம் கொண்ட சான்றிதழ் மட்டத்தில் சேர்ந்து, பிறகு அந்தக் கிரெடிட்டை முதுமாணிக்கு மாற்றும் வழி பல இடங்களில் உண்டு. சம்பளத்தில் கட்டுபவர்களுக்கு அதுதான் புத்தி.

நாணய மாற்றுக்கும் இடம் விட வேண்டும். 2022இல் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் சில மாதத்தில் 360ஐ ஒட்டிப் போனது. படிப்பின் நடுவில் இருந்தவர்களுக்கு அடுத்த தவணைக் கட்டணம் ரூபாவில் ஒன்றரை மடங்கைத் தாண்டியது. ஒரு தவணைக் கட்டணம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வங்கி ஊடாக அனுப்ப அனுமதிக் கடிதம், கட்டண விலைப்பட்டியல், கடவுச்சீட்டுப் பிரதி கேட்பார்கள். விலைப்பட்டியலில் உங்கள் மாணவர் இலக்கம் இருக்க வேண்டும். கடனட்டையில் கட்டினால் மாற்று விகிதத்தோடு மேலதிகக் கட்டணமும் சேரும். கட்டமுன் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

புலமைப்பரிசில்களில் பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசில் ஊரிலிருந்தே படிப்பவர்களுக்கானது. அந்த வருட நாட்டுப் பட்டியலையும் கற்கைப் பட்டியலையும் பார்த்து விண்ணப்பியுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கேட்பது 2800 மணித்தியால வேலை அனுபவம். அது ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு மட்டும். முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். பகுதிநேரத்துக்கும் இணையவழிக்கும் அது பொருந்தாது, வருடா வருடம் இது தெரியாமல் விண்ணப்பித்துக் களைக்கிறார்கள்.

7. கந்தோரில் எழுத்தில் வாங்குங்கள்

அரச சேவையில் இருந்தால் படிப்புக்கான அனுமதியைச் சேர முன் எடுங்கள். சம்பளத்தோடு கல்வி லீவு கிடைத்தால் பிணைமுறி கையெழுத்திட வேண்டிவரும். எத்தனை வருடச் சேவை, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டுவது என்ற இரண்டு வரியையும் பிணை நிற்பவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நவம்பர், டிசம்பர் மாரியில் வெள்ளக் கடமை வரும் திணைக்களங்களில் வேலை செய்பவர்கள், அந்த மாதங்களில் பாரமான பாடம் எடுக்காமல் இருப்பது நல்லது.

அலுவலகத் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்த வேறு கடிதம் வேண்டும். படிப்பு அனுமதி தரவு அனுமதியாகாது.

8. முன்னாயத்தம்

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள் இலவசம். பைதனில் பாண்டாஸ், ஜியோபாண்டாஸ், ராஸ்டீரியோ ஆகிய மூன்று நிரலகங்களையும் கூகுள் கொலாபிலேயே பழகலாம். இந்திய என்பிடெல் தளத்தில் புவிச்சரிதவியல் விரிவுரைகள் இலவசம். டெஹ்ராடூன் தொலையுணர்வு நிறுவனமும் இலவசக் குறுங்கற்கைகள் நடத்துகிறது. மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம் போதும்.

9. ஆய்வுத் தலைப்பை ஊரிலேயே எடுங்கள், ஆனால் இவற்றைக் கவனியுங்கள்

யாழ் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வலிகாமக் கிணறுகளின் நைத்திரேற்று, தீவகத்தின் உவர்ப்பு, நிலாவரை போன்ற கரைசல் குழிகள் என்று தலைப்புக்குப் பஞ்சமில்லை. பிழை வருவது வேறிடங்களில்.

ஆள்கூறு: பழைய கண்டவளை இலங்கைக் கட்டத்தில் (ஆள்கூற்று முறைமைகளுக்கான ஈபிஎஸ்ஜி இலக்கம் 5234) ஆரம்பப் பெறுமானம் 200000, 200000. 1999 கட்டத்தில் (5235) 500000, 500000. 1999 கட்டத்து எண்ணைப் பழைய கட்டமென்று எடுத்தால் சுன்னாகக் கிணறு 300 கிலோமீற்றர் கிழக்கும் வடக்கும் தள்ளிக் கடலில் விழும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படும். புவி அளவீட்டு ஆதாரத்தை (datum) மாற்றாமல் எண்ணை மட்டும் கூட்டிக் கழித்துச் சரிசெய்தால் எஞ்சும் சிறு விலகல்தான் கண்ணில் படாதது. செய்மதிப் படம் உலகப் பொதுக் கட்டமான யூடிஎம் 44 வடக்கில் (32644) வரும்.

உயரம்: எஸ்ஆர்டிஎம் என்ற விண்ணோட ராடார் உயரத் தரவின் அனுமதித்த நிலைக்குத்துப் பிழை 16 மீற்றர். குடாநாட்டின் பெரும்பகுதி அதைவிடத் தாழ்வு. அதை வைத்து வெள்ள மாதிரி செய்தால் கணினி ஏதோ ஒரு படம் வரையும், அவ்வளவுதான். கொப்பனிக்கஸ் 30 மீற்றர் தரவு மேல், ஆனால் அதுவும் மேற்பரப்பு மாதிரி: பனந்தோப்பின் உச்சியை நிலமென்று காட்டும். கிணற்று நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிடுவதென்றால் கைஜிபிஎஸ் உயரம் உதவாது. நில அளவைத் திணைக்கள மட்டக்குறியிலிருந்து மட்டமெடுக்க வேண்டும்.

நீர் மாதிரி: ஒருமுறை மழைக்கு முன், ஓகஸ்ட் செப்டெம்பரில், ஒருமுறை மழைக்குப் பின், ஜனவரி பெப்ரவரியில். 30 கிணறு, இரண்டு பருவம், ஆறு அளவீடு என்றால் 360 சோதனை. ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக்கான விலையைக் கேட்டுப் பெருக்கிப் பார்த்த பிறகு கிணற்றின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். நைத்திரேற்று மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் சோதிக்க வேண்டும். உலோகச் சோதனைப் போத்தலுக்கு நைத்திரிக் அமிலம் விடுவது வழக்கம். அதே போத்தலில் நைத்திரேற்றையும் அளந்தால் நீங்கள் ஊற்றியதையே அளக்கிறீர்கள். போத்தல் இரண்டு வேண்டும். அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்கள் நைதரசனாக எழுதும், அப்போது எல்லை ஏறத்தாழ 11. பெருக்கும் காரணி 4.43. இதைக் கவனிக்காமல் பழைய அறிக்கையையும் புதியதையும் ஒரே அட்டவணையில் போட்டால், மாசு குறைந்துவிட்டது என்றுகூட முடிவு வரும்.

ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஐரோப்பியச் செய்மதியான சென்டினல் 2 படங்களில் முகில்தான் அதிகம் இருக்கும். அந்தக் காலத்துக்குச் சென்டினல் 1 ராடாரை எடுங்கள்.

10. நாட்காட்டி

செப்டெம்பர் சேர்க்கைக்கு, அதற்கு முந்திய வருடம் ஓகஸ்டிலேயே பெயர் வேறுபாட்டையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் முடியுங்கள். ஒக்டோபரில் மொழிப் பரீட்சை, நவம்பரில் சிபாரிசு கேட்டல், டிசம்பரிலிருந்து மார்ச் வரை விண்ணப்பம். கல்வி லீவுக் கோப்பு அதற்குச் சமாந்தரமாக ஓடட்டும், அதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது. உள்நாட்டு முதுமாணி அறிவித்தல்களின் திகதி வருடத்துக்கு வருடம் மாறும். நிறுவகத்தின் இணையப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

அனுமதி வந்ததும் இரண்டு திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, சேர்க்கையை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கக் கேட்கக்கூடிய கடைசி நாள். மற்றது, விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள். இரண்டாவது பெரும்பாலும் வகுப்புத் தொடங்கிச் சில கிழமைக்குள் முடிந்துவிடும், எனவே முதல் ஒப்படையை அதற்கு முன்பே செய்து பாருங்கள்.